கிராமசபையை மூடினார்கள், பிரசாரத்தைத் திறந்துவிட்டார்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. ஊராட்சித் தேர்தல் வந்தால் நம் ஊர் பெண்கள் ஊராட்சி ஆகுமா, ஆனால் யார் வீட்டிலிருந்து யாரை நிறுத்துவது என்று. அதில் ஒரு மாப்பிள்ளை, "போன தடவை பொம்பளைங்க தலைவரா இருந்து என்ன பண்ணிட்டாங்க, கொரோனாவுல ஊரே மூடித்தானே கிடந்துச்சு" என்று எழுதியிருந்தார். நாலு பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விக்கு குழுவில் இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. அது உங்களுக்கெல்லாம் தெரியும். பணியில் இருந்தபோது எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்குப் போயிருக்கிறேன். விரலில் மை வைத்தே பாதிச் சனத்தின் முகம் எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கொரோனா காலத்தில் பெண் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கு முன், அவர்களைப் பேச விட்டோமா என்று கேட்க வேண்டும். நோயைக் காரணம் காட்டி ஒரு மேடையை மூடினோம். அதே நோய் இருக்கும்போதே இன்னொரு மேடையைத் திறந்து வைத்தோம். மூடிய மேடையில் பாதித் தலைவர்கள் பெண்கள். திறந்த மேடையில் பெண்கள் கையில் ஆரத்தித் தட்டுதான் இருந்தது.

தேதி வாரியாகச் சொல்கிறேன். பாடம் நடத்திய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. 2016-லேயே நடந்திருக்க வேண்டிய தேர்தல் மூன்று வருடம் தள்ளிப்போய் நடந்தது. சேலத்தில் 385 ஊராட்சிகள், நாமக்கல்லில் 322. 1996 முதல் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்கள் ஒதுக்கீடு 2016 சட்டத்தால் பாதியாக உயர்ந்திருந்தது. அந்த உயர்வு முதன்முதலில் நடைமுறைக்கு வந்த தேர்தல் இதுதான். 2020 ஜனவரி 6 அன்று பதவி ஏற்றார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் ஊராட்சி அலுவலகப் படியே ஏறாதவர்கள்.

மார்ச் 24 இரவு பிரதமர் ஊரடங்கு அறிவித்தார். ஜனவரி 6-லிருந்து எண்ணினால் 78 நாள். ஒரு பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியைக்கு வகுப்புப் பிள்ளைகளின் பெயர் மனப்பாடம் ஆகவே அவ்வளவு நாள் ஆகும். இவர்களுக்கு ஊராட்சிக் கணக்கும், மேல்நிலைத் தொட்டியும், தெருவிளக்கும் பிடிபடுவதற்குள், நூறு வருடத்தில் ஒரு தடவை வரும் நோய் வந்து நின்றது.

அப்போது நம் பக்கம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியால் நாமக்கல்லில் முட்டையும் கோழியும் விலை போகாமல் கிடந்தன. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகள் நின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எந்த மாநிலத்தில் இருந்தனவோ அங்கேயே நின்றுவிட்டன. லாரிக்குப் போன ஆண்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள். கோழிப் பண்ணைகளிலும் மில்களிலும் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்கள் சோற்றுக்கு வழியில்லாமல் தவித்தார்கள். மே மாதம் கோயம்பேடு சந்தையில் நோய் பரவிய பிறகு, அங்கிருந்து திரும்பியவர்களைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தும் வேலை ஊராட்சிகளின் தலையில் விழுந்தது.

பிளீச்சிங் பவுடர் வாங்குவது, தெருத்தெருவாக மருந்து அடிப்பது, தூய்மைக் காவலர்களுக்குக் கையுறை தேடுவது, தண்ணீர் திறந்து விடுபவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் பிடிப்பது, கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றுவது, ரேஷன் கடையில் கூட்டம் சேராமல் கட்டம் போட்டு நிறுத்துவது, நூறு நாள் வேலை திரும்ப ஆரம்பித்தபோது ஆட்களை இடைவெளி விட்டு நிற்க வைப்பது. இதெல்லாம் யார் வேலை? அரசாணையில் 'ஊராட்சி' என்று இருக்கும். ஊரில் பார்த்தால் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், முகக்கவசம் தைத்த மகளிர் குழு, தூய்மைக் காவலர், பாதி ஊர்களில் தலைவரும் பெண். சென்னையில்கூட, முதல் சில மாதங்கள் தினமும் தொலைக்காட்சியில் எண்ணிக்கை சொன்ன சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் ஒரு பெண்தான். நோயோடு நேருக்கு நேர் நின்ற வரிசையில் பெண்களே அதிகம்.

நம் பள்ளியில் படித்த ஒரு பெண் அந்தத் தேர்தலில் தலைவராக வந்தாள். பெயரும் ஊரும் வேண்டாம், அவளுக்குச் சங்கடம். பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். ஊரில் எல்லாரும் அவரைத்தான் 'தலைவரே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஊரடங்கு அறிவித்த அன்று அவர் லோடோடு மகாராஷ்டிராவில். இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தார். அந்த இருபத்தைந்து நாளும் அவளே கையெழுத்துப் போட்டாள், அவளே வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போன் பேசினாள், அவளே சண்டையும் போட்டாள்.

ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். தெரு வாரியாக, வீடு வாரியாக எழுதியிருந்தாள். யாருக்குச் சர்க்கரை, எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம், யார் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு நாள் சேலம் போக வேண்டும், எந்தப் பாட்டிக்கு மாத்திரை தீரப்போகிறது, எல்லாம் அதில் இருந்தது. "இதெல்லாம் எப்படிம்மா சேர்த்தே" என்று போனில் கேட்டேன். "தண்ணிக் குழாய்கிட்ட நின்னா எல்லாம் தெரிஞ்சுருமுங்க டீச்சர்" என்றாள். வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது ஊர் அவளிடம் நேராகப் பேசப் பழகியிருந்தது. அவரும் நல்ல மனுஷன், விலகி நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை கேட்ட 'என்ன பண்ணிட்டாங்க' என்பதற்கு இது ஒரு பதில். இப்படி எல்லா ஊரிலும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நடந்த ஊர்களில் அது ஏன் வெளியே தெரியவில்லை என்பதுதான் என் பேச்சு.

ஊராட்சித் தலைவர் செய்த வேலை ஊருக்குத் தெரிவதற்குச் சட்டம் ஒரே ஒரு இடத்தைத்தான் வைத்திருக்கிறது. அது கிராமசபை. அப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு. வரவு செலவைப் படிக்க வேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும். ஒரு பெண் எழுந்து நின்று மைக் பிடித்து, 'இவ்வளவு பணம் வந்தது, இவ்வளவு செலவு' என்று ஊர் முன்னால் சொல்லுகிற இடம் நம் கிராமங்களில் வேறு எங்கே இருக்கிறது? கோயில் கூட்டத்திலா? ஊர்ப் பஞ்சாயத்திலா?

புதிய தலைவர்களுக்குக் கிடைத்தது 2020 ஜனவரி 26 கிராமசபை ஒன்றுதான். பதவியேற்று இருபது நாள். என்ன பேசியிருப்பார்கள்? அதன் பிறகு மே 1 இல்லை, ஆகஸ்ட் 15 இல்லை. அக்டோபர் 2 நடக்கும் என்று ஏற்பாடு செய்து கடைசி நேரத்தில் ரத்து. 2021 ஜனவரி 26 ரத்து. மே மாதம் ஆட்சி மாறியது. நோய் உச்சத்தில் இருந்ததால் மே 1-ம் இல்லை, ஆகஸ்ட் 15-ம் இல்லை. 2021 அக்டோபர் 2 அன்றுதான் மறுபடி கூடியது. இருபது மாதம். ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இரண்டு ஆட்சியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2020 மே மாதத்தில் மூடியதை நான் தவறு என்று சொல்லவில்லை. 2021 மே, ஆகஸ்டையும் விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கிற காலத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 26 அன்று, வேப்பமரத்தடியில் நூறு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசுவது ஆபத்து என்றார்கள். அதே ஜனவரியில் எல்லாக் கட்சித் தலைவர்களும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாம் பார்க்காத கூட்டமா? முதலமைச்சர் நம் எடப்பாடித் தொகுதிக்காரர் என்பதால் சேலத்துக்கு வராத தலைவரே இல்லை. வேனில் நின்று கையசைத்தார்கள், கீழே ஆயிரக்கணக்கில் சனம் முட்டி மோதியது.

விதி இருந்தது. வீடு வீடாகப் போனால் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் என்று தேர்தல் ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. வாக்குச்சாவடியையும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளருக்கு மேல் இல்லை. காய்ச்சல் பார்க்கும் கருவி, கைக்கு பிளாஸ்டிக் உறை, மாலை ஏழு மணி வரை வாக்குப்பதிவு, கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு. ஏப்ரல் 6 அன்று நானும் உறை மாட்டிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினேன். ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பெண்களும் பார்த்த இடத்தில் விதி நடந்தது. தலைவர்கள் நின்ற இடத்தில் நடக்கவில்லை.

அந்தக் கூட்டங்களில் பெண்கள் இல்லையா என்று கேட்காதீர்கள். முன் வரிசையே பெண்கள்தான். ஆரத்தித் தட்டோடு மொட்டை வெயிலில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நின்றார்கள். நம் மாணவியிடமும் ஒருவர் வந்து, ஐம்பது பெண்களைக் கூட்டிவரச் சொன்னார். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். அவள் முகக்கவசம் போட்டு, இடைவெளி விட்டு நிற்கிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனாள். அங்கே போனதும், "மாஸ்க்கைக் கழட்டுங்கம்மா, போட்டோவுல முகம் தெரியோணும்" என்றார்களாம். ஒரு வருடம் ஊருக்கு முகக்கவசம் போடச் சொல்லிக் கத்தியவளிடம் அதைக் கழற்றச் சொன்னார்கள். மேலே வேனில் ஏறச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை.

மே 2 முடிவு வந்தது. அதை நம் மாவட்டக் கணக்காகப் பாருங்கள். சேலத்தில் 11 தொகுதி, நாமக்கல்லில் 6. மொத்தம் 17. ஜெயித்த பெண் ஒருவர், ஏற்காட்டில் அதிமுகவின் சித்ரா. நாமக்கல் மாவட்டத்தில் 2016-ல் இரண்டு பெண்கள் ஜெயித்திருந்தார்கள். ராசிபுரத்தில் டாக்டர் வெ. சரோஜா, திருச்செங்கோட்டில் பொன். சரஸ்வதி. 2021-ல் இருவரும் நின்று தோற்றார்கள். சரோஜா மருத்துவம் படித்தவர். கொரோனா காலம் முழுக்கச் சமூக நலம், சத்துணவுத் துறை அமைச்சர். அங்கன்வாடி, சத்துணவு எல்லாம் அவர் துறை. திமுகவில், 2006-ல் மிகச் சிறிய வயதிலேயே சேலம் மேயரான ரேகா பிரியதர்ஷினி கெங்கவல்லியில் நின்றார், அவரும் தோற்றார்.

இவர்கள் பெண் என்பதால்தான் தோற்றார்கள் என்று சொன்னால் அது பொய். ஒரு கட்சி அலை அடித்தது, தொகுதிக்குத் தொகுதி கணக்கு வேறு. அதிமுக பத்து வருட ஆட்சியில் இருந்தது. ஆனால் மாநிலம் முழுக்கப் பாருங்கள். 2016-ல் 21 பெண் சட்டமன்ற உறுப்பினர்கள். 2021-ல் 234-க்கு 12. அந்தத் தேர்தலில் பெண் வாக்காளர் 3 கோடியே 18 லட்சம், ஆண்களைவிட ஏறக்குறைய 10 லட்சம் அதிகம். நாம் தமிழர் கட்சி பாதித் தொகுதிகளில், 117 பேர், பெண்களை நிறுத்தியது. இரண்டு பெரிய கட்சிகளும் தாம் நின்ற தொகுதிகளில் பத்தில் ஒன்றுகூடப் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. ஒரு வருடம் ஊர் ஊராக நோயோடு மல்லுக்கட்டிய பெண்களில் யாரையாவது பார்த்து, இவரை நிறுத்தலாமே என்று எந்தப் பெரிய கட்சிக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்ஸிஜனோடு 500 படுக்கை போட வேண்டி வந்தது. நம் குழுவிலேயே எத்தனை வீட்டில் இழவு. பிரசாரத்தால்தான் எல்லாம் வந்தது என்று நான் சொல்லவில்லை. தேர்தலே இல்லாத மகாராஷ்டிராவிலும் டெல்லியிலும் அதே அலை அடித்தது. ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை மிகக் கடுமையாகப் பேசியது. அந்த வார்த்தைகள் அதிகம் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. அந்த வழக்கு வக்கீல்களுக்கு. எனக்கு உறுத்துவது வேறு. கூட்டம் கூடினால் ஆபத்து என்றால் இருவருக்கும் ஆபத்து. இடைவெளி விட்டுக் கூடலாம் என்றால் இருவரும் கூடலாம். பெரியவர்களுக்கு ஒரு நியாயம், ஊராட்சித் தலைவிக்கு ஒரு நியாயமா?

மேடை மூடிக் கிடந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு உதாரணம் உண்டு. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே வருடம் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் அக்டோபரில் நாடெங்கும் பரவியது. அதன் பிறகுதான் வழக்கு, கைது எல்லாம். கிராமசபை மட்டும் நடந்திருந்தால் சாதி ஒழிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நூறு பேர் முன்னால், தலைவர் என்ற முறையில் கூட்டத்தை நடத்துகிறவரைத் தரையில் உட்கார வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. நாலு பேர் மட்டும் கூடும் அறைக்குள் சுலபம்.

இனி அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். "டீச்சர், பாதி ஊர்ல வீட்டுக்காரர்தானே தலைவர்?" உண்மை. பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு அவர் போவார், ரப்பர் முத்திரையும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஆனால் அது பெண்ணின் புத்தியால் வந்ததா, நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டால் வந்ததா? ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஆகவே பெண்கள் ஊராட்சி என்றால், ஊரில் பெரிய கையாக இருப்பவர் வார்டில் நின்று துணைத் தலைவராக வந்துவிடுவார். பிளீச்சிங் பவுடர் வாங்கவும் அவர் கையெழுத்து வேண்டும். காலைக் கட்டிவிட்டு ஓடவில்லை என்று பேசுவது நியாயமா?

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே 2020 டிசம்பரில், நோய் இருக்கும்போதே, உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தினார்கள். அங்கும் பாதி இடம் பெண்களுக்கு. 21 வயது ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயர் ஆனார். சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. ஷைலஜாவை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அதில் தனிப் பெருமை. 2018-ல் நிபா வந்தபோதும், 2020-ல் கொரோனா வந்தபோதும், பாடம் எடுப்பது போல நிதானமாக மக்களிடம் பேசினார். 2021-ல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரைப் பேச விட்டார்கள், செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது, வாக்காக மாறியது.

அதோடு கதை முடியவில்லை. ஜெயித்த பிறகு புதிய அமைச்சரவையில் அவருக்கு இடம் இல்லை. முதல்வரைத் தவிர எல்லாரும் புது முகம் என்று கட்சி சொன்னது. சுகாதாரத் துறைக்கு வீணா ஜார்ஜ் என்ற இன்னொரு பெண்தான் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பெண் எவ்வளவு வேலை செய்தாலும் நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்கிற அறையில் அவள் குரல் சிறியது என்று எனக்குத் தோன்றியது.

தூரத்தில் நியூசிலாந்து. பிரதமர் ஜெசிந்தா ஆர்டன், ஆக்லாந்தில் நோய் திரும்ப வந்ததும் பிரசாரத்தை நிறுத்தி, 2020 செப்டம்பர் 19-ல் நடக்க இருந்த தேர்தலை அக்டோபர் 17-க்குத் தள்ளி வைத்தார். 120 இடத்தில் 65 பிடித்தார். கூட்டத்தைக் காட்டாமலும் ஜெயிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. சின்ன நாடு, நம்மோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருகிறேன்.

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஒமைக்ரான் அலை அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. பேரணி, ஊர்வலத்துக்குத் தடை இருந்தது. வேட்பாளர்கள் வேறு வழியில்லாமல் வாசல் வாசலாக நடந்தார்கள். பாதி வார்டுகளில் நின்றவர்கள் பெண்கள். வாசலில் நின்று பேசும் பேச்சு வேறு மாதிரி. 'குழாயில் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, சாக்கடை அடைச்சிருக்கே, பாட்டிக்கு ரெண்டாவது ஊசி போட்டாச்சா' என்று பேசினார்கள். வேன் மேலிருந்து அதைப் பேச முடியாது. அந்த முறை 21 மாநகராட்சிகளில் 11-க்குப் பெண் மேயர்கள் வந்தார்கள். ஒதுக்கீட்டால்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு இருபதில் ஒருவர் வருவதும், ஒதுக்கீடு இருக்கும் இடத்தில் பாதிக்குப் பாதி வருவதும் ஒரே மாநிலத்தில், ஒரே வருடத்துக்குள், அதே மக்கள் போட்ட வாக்கில்தான். பெண்களுக்கு மக்கள் வாக்குப் போட மாட்டார்கள் என்ற பேச்சை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்கியது எங்கே என்று ஞாபகம் இருக்கிறதா? நம் சேலத்தில். பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று சொல்ல வேண்டிய நிலையில் நம் மாவட்டம் இருந்தது. கள்ளிப்பால் என்ற வார்த்தையைச் செய்தித்தாளில் படித்து நாம் தலைகுனிந்த காலம். என் வகுப்பில் அப்போது பெண் பிள்ளைகளின் வரிசை குட்டையாக இருக்கும். தப்பிப் பிழைத்து அந்த வருடங்களில் பிறந்த பெண்களுக்குக் கொரோனா வந்தபோது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. 21 வயது ஆனால் ஊராட்சியில் நிற்கலாம். பிறக்கவே விடமாட்டேன் என்று சொன்ன மண்ணில், அவர்கள் வயதுப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போய் நம் உயிரை எண்ணி வைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து 'என்ன பண்ணிட்டாங்க' என்று சிரிப்புப் படம் போடலாமா?

அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன் பிறகு ஊராட்சிகள் தனி அலுவலர் கையில் போயின. சட்டமன்ற, நாடாளுமன்ற மகளிர் ஒதுக்கீட்டுச் சட்டம் 2023-லேயே நிறைவேறியது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்கள் மேடை என்றால் எப்போதும் ஏதாவது ஒன்று முடிய வேண்டியிருக்கிறது. தேர்தல் மூன்று வருடம் தள்ளிப்போகிறது, கிராமசபை இருபது மாதம் தள்ளிப்போகிறது, ஒதுக்கீடு கணக்கெடுப்பு வரைக்கும் தள்ளிப்போகிறது.

அதிகாரத்தில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். ஒன்றிய அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறீர்கள். கட்சிப் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று விஷயம்.

முதலாவது, இனி ஒரு நோயோ வெள்ளமோ வந்தால், கடைசியாக மூட வேண்டியதும் முதலில் திறக்க வேண்டியதும் கிராமசபை. மொத்த ஊரும் கூட முடியாவிட்டால் வார்டு வாரியாக, தெரு வாரியாகக் கூடட்டும். கட்சிக் கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கிற அன்றைக்கே கிராமசபைக்கும் அனுமதி கொடுங்கள்.

இரண்டாவது, துணைத் தலைவரின் இணைக் கையெழுத்தை, பேரிடர் காலச் செலவுக்காவது மாற்ற வழி இருக்கிறதா என்று மேலே எழுதுங்கள். கோப்பு நகரும் வழி உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது கட்சிக்காரர்களுக்கு. அடுத்த தடவை ஐம்பது பெண்களைக் கூட்டிவரச் சொல்லும்போது, அவர்களைக் கூட்டிவருகிற பெண்ணுக்கு மைக்கைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தண்ணீர்க் குழாயில் கேட்டதை அவள் சொல்லட்டும். முடிந்தால் சீட்டும் கொடுங்கள்.

உறவுகளுக்கு ஒன்றே ஒன்று. யாரை நிறுத்துவது என்று ஆண்கள் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, நிற்கப்போகிறவளிடம் கேட்டீர்களா? நம் வீடுகளிலேயே கொரோனாவில் மருந்து வாங்கி அலைந்தது யார், ஊருக்கே கஷாயம் காய்ச்சியது யார், ஊசி போட மாட்டேன் என்று அடம்பிடித்த தாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெயர் தானாக வரும். அவள் ஜெயித்து வந்தால் அவளைத் 'தலைவர்' என்று கூப்பிடுங்கள். அவள் வீட்டுக்காரரை மாமா, மச்சான், அண்ணன் என்று உறவு முறை சொல்லியே கூப்பிடுங்கள், அது போதும்.

மாணவிகளுக்கு: நிற்க ஆசை இருந்து, வேட்புமனு, கிராமசபைக் கணக்கு, தீர்மானம் இதெல்லாம் பயமாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான், நானே சொல்லிக் கொடுத்ததுதான். மறந்திருந்தால் மறுபடி சொல்லித் தருகிறேன்.

கருத்து எழுதுங்கள், மறுத்தும் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். மாப்பிள்ளை, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்